தூங்குகிறவனுக்கு ரொட்டி

தம்பிக்கு ரொட்டி ஊட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த அறிவிப்பு வந்தது. ஊட்டியது போனில். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் பின்பக்கம், மடித்த போர்வைகளை அடுக்கும் அறையில், ஒரு கட்டின்மேல் உட்கார்ந்து, கீறல் விழுந்த திரையில் கட்டைவிரலை அழுத்திப் பிடித்திருந்தேன். விரலை எடுத்துவிட்டால் ரொட்டி கீழே விழுந்துவிடும். உள்ளே, விளையாட்டின் பனிக்காட்டில், நானும் அவனும் சேர்ந்து கட்டிய மரவீட்டில், தம்பியின் உடம்பு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தது. தலைக்கு மேலே 'மின்மினி' என்று அவன் பெயர். பெயருக்குக் கீழே பசிக்கோடு. ஊட்ட ஊட்டச் சிவப்பு மஞ்சளாகும், மஞ்சள் பச்சையாகும். பச்சையைப் பார்த்த பிறகுதான் எனக்கு டீ தொண்டையில் இறங்கும்.

அறிவிப்பு மேலிருந்து இறங்கி அவன் முகத்தை மறைத்தது. நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள், எனக்கு நேரம் பிடிக்கும். பெரிய புதுப்பிப்பு என்று இருந்தது. நாளை பிற்பகல் என்று இருந்தது. அதுவரை பயமில்லை, புதுப்பிப்பு அடிக்கடி வருவதுதான். அடுத்த வரி: நீண்ட காலமாக உள்ளே வராதவர்களின் உடல்கள் அகற்றப்படும். அந்தக் கடைசிச் சொல்லை நான் கூட்டிப் படிக்க வேண்டியிருக்கவில்லை. வார்டிலிருந்து வரும் சிவப்புப் பைகளின் மேல் அதே சொல்தான் அச்சடித்திருக்கும். அந்தப் பைகளை நாங்கள் துவைப்பதில்லை. கையுறை போட்டு, பையின் வாயைக்கூடத் திறக்காமல், நேராக உலைக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவோம்.

"ஏண்டி, பொம்மைக்கு ஊட்டுற நேரத்துல நீ ரெண்டு வாய் தின்னா உடம்பாவது தேறும்ல?" என்று வாசலில் நின்று கேட்டாள் ரேடியோ. என்னோடு இஸ்திரி உருளையில் நிற்பவள். வாய் ஓயாததால் அந்தப் பெயர். நான் நிமிராததைப் பார்த்து உள்ளே வந்தாள். "என்ன ஆச்சு? யாராவது போயிட்டாங்களா?"

"இல்ல. நாளைக்கு."

"நாளைக்கா? நாள் குறிச்சா போவாங்க?" என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

தம்பி சரக்குக் கப்பலில் எந்திர அறையில் எண்ணெய் துடைக்கிற வேலைக்குப் போனவன். கப்பல் துறைமுகத்தைத் தொடும்போதெல்லாம் அங்கே கிடைக்கும் இணைப்பில் விளையாட்டுக்குள் வருவான். வந்ததும் வாசலில் நின்று இரண்டு முறை உட்கார்ந்து எழுவான். அந்த விளையாட்டில் கையெடுத்துக் கும்பிட வழியில்லை, சிரிக்கவும் வழியில்லை. உட்காரலாம், எழலாம். "அக்காவுக்குத் தோப்புக்கரணம்" என்பான். நானும் இரண்டு போடுவேன். பிறகு சேர்ந்து விறகு வெட்டுவோம். பெட்டிக்குப் பெட்டி பலகை மாட்டி, 'மாவு', 'விறகு', 'ஆணி' என்று எழுதிவைத்து என்னைப் படிக்கவைத்தவன் அவன்தான். தப்பான பெட்டியைத் திறந்தால், "மாவுல ஆணி பிசையப் போறியாக்கா?" என்பான்.

இந்த மழைக்காலம் தொடங்குமுன் ஒரு நாள் வந்தான். கப்பல் கைமாறப் போகிறது, ஆட்களை என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை, ஆனால் பயப்படாதே என்றான். தூங்கப் போகிறேன் என்று சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். அந்த விளையாட்டில் வெளியே போகிறவர்கள் மறைந்துவிடுவதில்லை, அவர்கள் உடம்பு படுத்த இடத்திலேயே தூங்கும். அப்படிப் படுத்தவன்தான். அதற்குப் பிறகு என் பழைய போன் சலவைத் தொட்டியின் கொதிநீரில் விழுந்தது. அதிலிருந்த எண் முன்பு இங்கே வேலை பார்த்த சூப்பர்வைசர் பெயரில் வாங்கியது. அவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை, என் எண்ணும் போயிற்று, போனில் இருந்த அவன் எண்ணும் போயிற்று. நாங்கள் குடியிருந்த கட்டடத்தை இடித்தார்கள், நான் வேறு தெருவுக்கு வந்தேன். அவனை அனுப்பிய ஏஜென்டின் ஆபீசுக்குப் போனால், "விசாரிச்சுச் சொல்றேம்மா" என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாம் முறை போனபோது அந்த இடத்தில் ஒருவர் சாவி வெட்டிக்கொண்டிருந்தார். ஆக, தம்பிக்கும் எனக்கும் தெரிந்த ஒரே முகவரியாக அந்தப் பனிக்காட்டு மரவீடு மட்டுமே மிஞ்சியது. அவன் எங்கேயாவது கண் விழித்தால் அங்கேதான் விழிப்பான், பக்கத்தில் நான் இருப்பேன். உடம்பை அகற்றிவிட்டால், என்றைக்காவது அவன் வரும்போது ஏதோ ஒரு வெறுங்கரையில் புது ஆளாகத்தான் எழுவான். அந்த உலகம் பெரியது. நடந்து நடந்து தேடினாலும் வீடு அகப்படாது.

வேலை முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது மேஸ்திரியைப் போனில் கூப்பிட்டேன். மேஸ்திரி என்பது விளையாட்டில் எல்லாரும் வைத்த பெயர். ஆள் லிஃப்ட் பழுது பார்க்கிறவர், எப்போது பேசினாலும் பின்னால் ஒரு லிஃப்டின் மணி அடிக்கும். கம்பெனி செய்த விளையாட்டில் தூங்குகிறவன் பசித்துச் சாவான், அல்லது ஓநாய் தின்னும். எங்கள் சர்வரில் அப்படியில்லை. தூங்குகிறவர்களுக்கு மற்றவர்கள் ஊட்டலாம் என்று மாற்றி எழுதியவர் மேஸ்திரி. இந்த மாதிரி மேலே வைத்துக் கட்டுவதை மாட் என்பார்கள். அதிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்துவிட்டது, தூங்குகிறவரை ஊட்டாமல் யாரும் தாண்டிப் போவதில்லை. முகம் தெரியாதவன் என் தம்பிக்கு மீன் ஊட்டியிருக்கிறான். நானும் எத்தனையோ பேருக்கு ஊட்டியிருக்கிறேன். பலகைகளில் நம் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிந்த காலத்தில் அதைச் சரியாகத் தெரியவைத்தவரும் அவர்தான். ஒரு காசு வாங்கியதில்லை. கம்பெனி ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் அவர் கட்டியது எங்காவது உடையும், அவர் மறுபடி கட்டுவார்.

"பாத்துட்டீங்களாக்கா? அதோடதான் மல்லுக்கட்டிக்கிட்டிருக்கேன்" என்றார்.

"உங்க மாட்ல ஏதாவது பண்ண முடியாதாங்க?"

"என்னோடது அவங்க வீட்டு மேல நான் போட்ட கொட்டகை. இந்தத் தடவை அவங்க அஸ்திவாரத்தையே பேத்து வேற போடறாங்க. கொட்டகைய நான் திரும்பப் போட்டுடுவேன். உள்ள படுத்திருக்கறவங்களை வெளிய தூக்கிப் போட்டா நான் எங்கக்கா போய்த் தேடுவேன்?"

"கம்பெனிக்கு எழுதிக் கேட்டா?"

"கேட்டேன். நல்ல மனுஷங்க, உடனே பதில் போட்டாங்க. வேற யாரா இருந்தாலும் இந்த ஆட்டத்த எப்பவோ மூடிட்டுப் போயிருப்பாங்க. இவங்க இன்னும் நாலஞ்சு பேரா உக்காந்து ஒட்டுப் போட்டுக்கிட்டிருக்காங்க. வராதவங்க பாரம் ஏறி ஏறி சர்வருக்கு மூச்சு முட்டுதாம். அதை இறக்கினாத்தான் இன்னும் பல வருஷம் ஓடுமாம். நமக்காகத்தான் பண்றாங்க. அதனால திட்டக்கூட முடியல." லிஃப்ட் மணி அடித்தது. "ஒரே ஒரு வழி இருக்கு. உங்க தம்பி நாளைக்குள்ள ஒரு தடவை உள்ள வந்து எழுந்து நின்னாப் போதும். ஆள் உயிரோட இருக்கான்னு எடுத்துக்கும்."

என் பஸ் வந்து நின்றது, நான் ஏறவில்லை.

"உயிரோடன்னு ஆட்டத்துக் கணக்கைத்தான் சொன்னேன்க்கா" என்றார் அவசரமாக. பிறகு குரலைத் தாழ்த்தி, "பாஸ்வேர்டு தெரியுமா உங்களுக்கு?" என்றார்.

"தெரியும்."

"அப்போ நீங்களே யோசிச்சுக்கோங்க. நான் சொன்னதா இருக்க வேண்டாம்."

பாஸ்வேர்டு எனக்குத் தெரியும், என்னுடையது அவனுக்குத் தெரியும். ஒரே சொல்தான் இருவருக்கும். ஒரு பெயரில் ஒருவர்தான் உள்ளே இருக்கலாம், பின்னால் வருகிறவர் முன்னால் இருப்பவரை வெளியே தள்ளிவிடுவார். ஒரு விடுமுறையில் வந்திருந்தபோது அவன் போனில் என் பெயரைப் போட்டு நுழைந்து என்னைத் தள்ளினான், நான் அவன் பெயரில் நுழைந்து அவனைத் தள்ளினேன். ஒரே பாயில் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்து, வயிறு வலிக்கும்வரை சிரித்தோம். அவன் காணாமல் போனதிலிருந்து அவன் பெயரில் அந்தச் சொல்லை நான் தொட்டதில்லை. தொடத் தோன்றியபோதெல்லாம் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். அவன் பெயருக்குப் பக்கத்தில், கடைசியாக எப்போது வந்தான் என்று மங்கலாக ஒரு தேதி இருக்கும். அவனைப் பற்றி எனக்குத் தெரிந்த கடைசி உண்மை அது. நான் நுழைந்தால் அது அழிந்து என் தேதி ஏறிவிடும். இன்னொன்றும் இருந்தது. எங்கோ ஒரு துறைமுகத்தில், நூல் மாதிரி மெலிந்த இணைப்பில், அந்த நேரம் பார்த்து அவன் உள்ளே வந்துகொண்டிருந்தால்? நானே தள்ளிவிட்டால்? எல்லாவற்றுக்கும் அடியில் சொல்லக்கூடாத ஒன்று கிடந்தது. படுத்திருக்கும்வரை அவன் தூங்குகிறான். ஆள் இல்லாத உடம்பை நானே எழுப்பி நிற்கவைத்தால், பிறகு அதைத் தூக்கம் என்று நான் எப்படிச் சொல்லிக்கொள்வது?

மறுநாள் உருளையில் நின்று போர்வைகளை விட்டுக்கொண்டிருந்தேன். ஈரத்துணி ஒரு பக்கம் போய் மறுபக்கம் தகடு மாதிரி வரும். என் கை ஒரு முறை உருளைக்கு மிக அருகில் போனது. ரேடியோ எட்டி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். "நீ போ" என்றாள். "போய் அதை முடிச்சுட்டு வா. இப்படியே நின்னா உன் விரலையும் சேத்து இஸ்திரி போட்டுடுவ."

"சூப்பர்வைசர்?"

"கேட்டா வயித்துப்போக்குன்னு சொல்றேன். அதுக்கு மேல எந்த ஆம்பளையும் கேக்க மாட்டான்."

போர்வை அறைக்குள் போனேன். இரண்டு போர்வையை மடிக்கிற நேரத்தில் ரேடியோவும் பின்னாலேயே வந்து, வாசலில் முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். விளையாட்டின் மேல்மூலையில் சர்வர் மூடும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. தம்பிக்கு ஒரு முறை ஊட்டினேன். பழக்கம். பிறகு அவன் பக்கத்தில் என்னைப் படுக்கவைத்துவிட்டு வெளியேறினேன். அவன் பெயரை அடித்தேன். அந்தச் சொல்லை அடித்தேன். சக்கரம் சுற்றியது. எப்போதும் சுற்றுவதைவிட அதிக நேரம் சுற்றுவதாகத் தோன்றியது. திறக்காமலே போய்விடட்டும் என்றுகூட ஒரு நொடி வேண்டிக்கொண்டேன்.

திறந்தது. முதலில் தெரிந்தது சுவர். பலகையின் ரேகைகள், ஒரு முடிச்சு, இடுக்கில் கொஞ்சம் பனி. இத்தனை நாளாக அவன் பார்த்துக்கொண்டிருந்தது இதைத்தான். எழுந்து நிற்கச் சொன்னேன், நின்றான். திருப்பினேன். தரையில் ஒருத்தி படுத்திருந்தாள். தலைக்கு மேல் 'பெரியக்கா' என்று இருந்தது. பசிக்கோடு சிவப்பு. அடிமட்டத்தில், அணையப்போகிற திரி மாதிரிச் சிவப்பு. தினமும் அவனுக்கு ஊட்டினேனே தவிர எனக்கு நான் எதையும் போட்டுக்கொள்ளவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் பார்த்தது என்னையா என்று சந்தேகமாக இருந்தது. அவ்வளவு சின்னதாகச் சுருண்டு படுத்திருந்தாள்.

இதற்குள் பேச்சுப் பகுதியில் எழுத்துகள் கொட்ட ஆரம்பித்தன. பக்கத்துக் குன்றில் வீடு கட்டியிருக்கும் வாத்து என்பவன்தான் முதலில். "மின்மினி வந்துட்டான்டோய்!" "டேய் எங்கடா போய்த் தொலஞ்ச?" "அக்கா எங்க, அக்காவ எழுப்புடா, உனக்கு ஊட்டியே அவங்க தேஞ்சு போயிட்டாங்க." இன்னும் யார் யாரோ. எனக்குத் தெரியாதவர்கள்கூட. ஒருவன், நான் அழுதுட்டேன் என்று எழுதினான். நான் ஒரு எழுத்தும் அடிக்கவில்லை. அடித்தால் அது அவன் எழுத்தாகிவிடும். மேஸ்திரி மட்டும் எழுதினார்: "எல்லாரும் கொஞ்சம் சும்மா இருங்க. ஆள் களைச்சு வந்திருக்கான்."

அவன் பையைத் திறந்தேன், மீன் இருந்தது. அவன் கையால் என் வாயில் வைத்து, கட்டைவிரலை அழுத்திப் பிடித்தேன். சிவப்பு மெல்ல நகர்ந்தது.

திரை கறுத்தது.

நேரம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். நடுவில் வெள்ளையாக ஒரு வரி வந்தது. எழுத்துக்கூட்டினேன். மறுபடி முதலிலிருந்து கூட்டினேன். வேறொரு கருவியிலிருந்து இந்தப் பெயரில் நுழைந்திருக்கிறார்கள். நீங்கள் வெளியேற்றப்பட்டீர்கள்.

"ஏண்டி, ஏன் இப்படி வெளிறிப்போற? ஏய்!" என்று ரேடியோ ஓடிவந்து தோளைப் பிடித்தாள்.

"என்னைத் தள்ளிவிட்டுட்டாங்க."

"யாரு?"

"தம்பி பேர்ல யாரோ வந்திருக்காங்க."

"யாரோ என்னடி யாரோ? தம்பிதான்டி வந்திருப்பான்! பாஸ்வேர்டு வேற யாருக்குத் தெரியும்?"

"அவன் போனுக்குத் தெரியும்" என்றேன். சொன்ன பிறகுதான் நான் எதற்குப் பயப்படுகிறேன் என்று எனக்கே புரிந்தது. சொல்லை அவன் போன் சேர்த்துவைத்திருக்கும். எடுத்தவன் யாரானாலும் தொட்டால் திறக்கும். விற்ற போனா, திருடிய போனா. சட்டைப்பையிலிருந்து எடுத்த போனா. யாருடைய சட்டையிலிருந்து, எந்த நிலையில் கிடந்த சட்டையிலிருந்து என்று மனம் போன வழியில் நான் போகவில்லை. ரேடியோவும் வாயை மூடிக்கொண்டாள். அவள் வாய் மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

என் பெயரை அடித்தேன். விரல் வியர்த்துச் சொல் தப்பியது. முந்தானையில் துடைத்துவிட்டு அடித்தேன். மறுபடியும் தப்பியது. ரேடியோ, "மெதுவா, மெதுவா" என்று என் காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். சக்கரம் சுற்றியது.

கண் விழித்தேன். கூரை தெரிந்தது. பக்கத்தில் படுக்கை காலியாக இருந்தது.

இத்தனை நாள் அந்தப் படுக்கை காலியாக வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஆசைப்பட்டேன். இப்போது அது காலியாக இருப்பதைப் பார்க்கப் பயமாக இருந்தது. திரும்பினேன். கதவு திறந்திருந்தது. வாசலில், வெளியே பெய்கிற பனியைப் பார்த்தபடி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவன் நின்றான். மின்மினி. பசிக்கோடு பச்சை, நான் ஊட்டிய பச்சை.

"பேசுடி" என்றாள் ரேடியோ. "அதுல பேசலாம்ல? பேசு!"

மைக்கை அழுத்தினேன். முதலில் பின்னால் ஓடும் சலவை இயந்திரங்களின் சத்தம்தான் உள்ளே போயிருக்கும். அப்புறம் எப்படியோ, "டேய்" என்றேன். "தம்பி. அக்காடா."

அவன் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒலிக்குறி எரிந்தது. அந்தப் பக்கமும் மைக் திறந்திருக்கிறது. போனைக் காதோடு வைத்து அழுத்தினேன். ஒரு இரைச்சல் வந்தது. எந்திரம் ஓடுகிற மாதிரி. அவன் வேலை பார்க்கிற எந்திர அறையா, காற்றா, என் பின்னால் ஓடும் இயந்திரமே அங்கே போய்த் திரும்பி எனக்கே வருகிறதா, தெரியவில்லை. அதற்கு நடுவில் யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. அது ரேடியோவின் மூச்சாகவும் இருக்கலாம். அவள் என் கன்னத்தோடு கன்னம் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யாருங்க அது?" என்றேன். "யாரா இருந்தாலும் சரி. அந்தப் போன் உங்களுக்கு எப்படிக் கிடைச்சுதுன்னு மட்டும் சொல்லுங்க. நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்."

இரைச்சல்தான். மேல்மூலையில் நேரம் தீரப்போகிறது என்று எண்கள் சிவந்துவிட்டன. வாத்து குன்றிலிருந்து இறங்கி ஓடிவருகிறேன், ரொட்டி கொண்டுவருகிறேன் என்று எழுதிக்கொண்டிருந்தான். எனக்கு வேறு வழி தோன்றவில்லை. கேட்டால் பொய் சொல்லலாம், பெயரைத் திருடலாம். ஆனால் இது ஒன்று அவனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். என்னை உட்காரவைத்தேன், எழுப்பினேன். மறுபடி உட்காரவைத்தேன், எழுப்பினேன்.

அவன் திரும்பினான்.

முகத்தைப் பார்த்தேன். அந்த விளையாட்டில் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே முகம்தான். அந்த முகம் என்னைப் பார்த்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளியே சூப்பர்வைசர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. "வயித்துப்போக்கு சார்!" என்று ரேடியோ இருந்த இடத்திலிருந்தே கத்தினாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திரை உறைந்தது. பனித்துகள்கள் விழுகிற வழியில் அப்படியப்படியே நின்றன. ஒலிக்குறி எரிந்தபடி நின்றது. அவன் வாசலில், தலை சற்றே குனிந்து, முழங்கால் லேசாக மடிந்த நிலையில் நின்றான். உட்காரப் போனானா, ஓடக் கால் எடுத்தானா, அல்லது சர்வர் நிற்கும்போது எல்லா உடம்பும் அப்படித்தான் தொய்யுமா. அவன் மடிந்த முழங்காலின் மேல் என் கட்டைவிரல் இருந்தது. இறுக அழுத்தியிருந்தேன். நான் விரலை எடுக்கவில்லை.